நான்காம் கட்டில்

ஒவ்வொரு மே மாதமும்
என் நெஞ்சு ஒரு கேள்வித்தாள்.
சிஸ்டர் கியாரிசீமா போன் செய்வாள்:
"கெமிரெம்பே, வெள்ளிக்கிழமை பரீட்சை, வருவாய்தானே?
பஸ் காசு உண்டு,
மதியம் மட்டோக்கேயும் நிலக்கடலைக் குழம்பும்."

பஸ் காசு எனக்கு எதற்கு?
ஆஸ்பத்திரி கேட்டை ஒட்டித்தான் என் கடை.
பேசின், சோப்பு, ரப்பர் கையுறை,
பிறக்கப்போகும் பிள்ளையைச் சுற்ற இரண்டு முழத் துணி.
உள்ளே தீர்ந்துபோனதெல்லாம்
வெளியே என்னிடம் கிடைக்கும்.
இருந்தாலும் பஸ் காசை விட்டதில்லை.

இடப்பக்கக் காறை எலும்பு,
அதிலிருந்து இரண்டு விரல் கீழே.
நான் பிறந்த வாரம் மூடியிருக்க வேண்டிய குழாய்
மூட மறந்துவிட்டதாம்.
'இயந்திர ஓசை' என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.
எந்த இயந்திரம் என்று போடவில்லை.
எனக்குத் தெரியும்,
எங்கள் தெரு மக்காச்சோள மில்.
கரண்ட் போனாலும் நிற்காத மில்.

ஆறு மே மாதங்கள்.
எத்தனை ஜில்லிட்ட ஸ்டெதாஸ்கோப்புகள்!
ஒருவன் மட்டும் உள்ளங்கையில் தேய்த்துச்
சூடாக்கி வைத்தான். அட்ராவா என்று பெயர்.
இப்போது மலைக்கு மேலே
ஜெனரேட்டரும் அவனுமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரியில்.
போன வருஷம்
உருளைக்கிழங்கு லாரியில் ஒரு தாய் வந்து இறங்கினாள்,
முதுகில் மூன்று வயதுப் பெண்.
கையிலிருந்த சீட்டில் அவன் எழுத்து.
"டாக்டர் காதை வைத்தார், சிரித்தார்,
இந்த மில்லை எனக்குத் தெரியும் என்றார்.
பிள்ளை நெஞ்சில் மில் ஏது?"
என்று என்னிடம்தான் கேட்டாள்,
பேசினுக்குப் பேரம் பேசியபடி.
நான் விலையைக் குறைத்தேன்.
வேறென்ன சொல்ல.

உள்ளே போனால் புல்வெளி தெரியாது.
வேலியெல்லாம் போர்வைகள் காயும்,
மூன்று கல் அடுப்புகள் புகையும்,
ஐந்து மாவட்டத்துச் சொந்தபந்தங்கள்
பாய் விரித்துக் காத்திருக்கும்.
கல்யாணப் பேச்சுகூட அங்கே நடந்திருக்கிறது.
கேட்டுக்கு எதிரே சவப்பெட்டிக்காரர்
காலை பத்து மணி வரை சுத்தியலைத் தொடமாட்டார்.
டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும் நேரம்,
அது ஒரு மரியாதை.

ஆகஸ்டில் வெளியூர்க் குழு வந்தது.
தொடை வழியே ஒரு கம்பி,
கம்பி நுனியில் சட்டைப் பொத்தான் அளவு மூடி.
அன்றிரவு தூக்கம் வரவில்லை.
இருபத்தாறு வருஷமாக ஓடிய மில் நின்றால்
தெருவுக்கே விழிப்பு வருமல்லவா?
மறுநாள் பேராசிரியர் ருவாப்வோகோ
வெகுநேரம் கேட்டார்.
குழலைக் காதிலிருந்து எடுத்து
"வாழ்த்துகள்" என்றார்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.

மே வந்தது. போன் வராது என்றிருந்தேன்.
வந்தது.

அதே நான்காம் கட்டில், அதே திரைச்சீலை.
சீனியர்கள் ஜூனியர்களுக்குக்
காதும் காதும் வைத்ததுபோல் சொல்லியிருந்தார்கள்:
நாலாவதில் இயந்திரம்.
முதலில் வந்தவன் கேட்டான், தலையாட்டினான், எழுதினான்.
அடுத்தவனும்.
மூன்றாவது பெண் இடம் தவறி, வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து
அங்கேயும் இயந்திரம் கேட்டாள்.
எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.
மூலையில் பேராசிரியர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஏழாவதாக நின்சீமா.
கண்ணை மூடிக் கேட்டாள்.
சாய்ந்து உட்காரச் சொன்னாள், மூச்சைப் பிடிக்கச் சொன்னாள்,
மறுபடி முதலிலிருந்து.
நேரம் முடிந்ததற்கு மணி அடித்துவிட்டது.
"சார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றாள்,
பெயிலாகிவிட்டவள்போல.
பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக:
"உங்கள் தொடையில் ஊசித் தழும்பு இருக்கிறதா?
நான் பார்க்கலாமா?"

போர்வையை நானே விலக்கினேன்.

வெளியே வரும்போது மூன்று மணி.
கடை முன்னால் யாரோ ஒரு கணவன்
வியர்த்துப்போய் நிற்கிறான்:
பேசின், பிளேடு, துணி, சீக்கிரம்.
கொடுத்தேன்.
மிச்சச் சில்லறைக்குப்
பஸ் காசிலிருந்து எடுத்தேன்.